தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கும் முன்: ஊர்க்காரர்கள் போகும் பேக்கரியைக் கண்டுபிடிக்கும் வழி

தூத்துக்குடியில் நான் முதல் தடவை வாங்கிய மக்ரூன், சென்னை வந்து சேர்வதற்குள் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. பஸ் ஏறும் அவசரத்தில் கண்ணில் பட்ட முதல் கடையில், பளிச்சென்று இருந்த டப்பாவை எடுத்து வந்திருந்தேன். அடுத்த தடவை போனபோது, நான் தங்கியிருந்த வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன். எந்தக் கடை என்றுகூட அவர் கேட்கவில்லை. "எப்ப போட்டதுன்னு கேட்டீங்களா?" என்றார். நான் கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டுதான் கடை தேடுகிறேன். பெயர்ப்பலகையைப் பார்த்துப் போவதில்லை. அடுப்பு எங்கே இருக்கிறது, எப்போது எரிகிறது, அதில் போட்டது எத்தனை மணிக்குக் கண்ணாடிப் பெட்டிக்கு வருகிறது என்று விசாரித்துக்கொண்டு போகிறேன். அப்படிப் போனால் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கு வாங்கும் கடை தானாகவே வந்து சேரும். தூத்துக்குடியை எடுத்துக்கொண்டு அந்த வழியைச் சொல்கிறேன். எனக்கு நன்றாகப் பழகிய ஊர் அது. ஒரு பகலில் நடந்தே பார்த்துவிடலாம்.

கிளம்பும் முன்

ஊரில் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் கடையைத் தேட முடியாது. தூத்துக்குடி என்றால் எல்லோருக்கும் மக்ரூன் தெரியும். ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய பெயர்கள் இன்னும் சில உண்டு: முதலூர் மஸ்கோத் அல்வா, உடன்குடிக் கருப்பட்டி, காயல்பட்டினத்துத் தம்மடை, முந்திரிக்கொத்து, மாசிக் கருவாடு. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்து கேட்கிறவரிடம் கடைக்காரர் பேசும் விதமே வேறு.

இந்தப் பண்டங்கள் ஏன் இங்கே இருக்கின்றன என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1530களில் போர்த்துகீசியர்கள் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஆங்கிலேயர்கள். முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அரைத்த பாதாமையும் சேர்த்துச் சுடுவது ஐரோப்பாவின் மக்ரூன். நம் ஊரில் பாதாமுக்குப் பதில் முந்திரி. அந்த முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர்கள் கொண்டுவந்த மரம்தான். மக்ரூனையும் அவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அக்கரையில் கொழும்பு இருப்பதால் அந்தப் போக்குவரத்தும் உண்டு. வயதான பேக்கரிக்காரர்களிடம் பத்து நிமிடம் பேசினால் நடுவில் கொழும்பு வந்துவிடும். ஆக, துறைமுகத்தை ஒட்டிய பழைய ஊரில்தான் நாம் தேடுவது இருக்கும். புறவழிச்சாலையிலும் புதிய பஸ் நிலையத்தைச் சுற்றியும் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கூகுள் மேப்பைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் 'பேக்கரி' என்று மட்டும் தேடினால் விளக்கு போட்ட பெரிய கடைகள்தான் மேலே வரும். 'ரொட்டிக்கடை', 'மக்ரூன்', 'கருப்பட்டி', 'பலகாரம்' என்று தமிழில் தட்டிப் பாருங்கள். நட்சத்திரத்தை விடப் படங்கள் முக்கியம். வாடிக்கையாளர் எடுத்த படத்தில் கல்லாவுக்குப் பின்னால் தட்டு அடுக்கிய தாங்கி தெரிகிறதா? மாவு மூட்டை தெரிகிறதா? அப்படியானால் அங்கேயே போடுகிறார்கள் என்று ஓரளவு நம்பலாம். எல்லாமே அச்சடித்த டப்பாவில் அடுக்கியிருந்தால் அது விற்கும் இடம் மட்டும்தான்.

முதல் நாள் காலை: டீக்கடையிலிருந்து தொடங்குங்கள்

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் வசதி. இரவில் ஏறினால் காலையில் இறங்கலாம். தூத்துக்குடி ரயில் நிலையம் பழைய ஊருக்குள்ளேயே இருக்கிறது. பையை அறையில் போட்டுவிட்டு, குளித்து முழுகி நேரத்தைக் கடத்தாமல் வெளியே வந்துவிடுங்கள். பேக்கரியைக் கண்டுபிடிக்கக் காலை நேரத்தைப் போல உதவுவது எதுவும் இல்லை.

முதலில் ஒரு டீக்கடை. டீயோடு ஒரு பன் சொல்லுங்கள். பன் கையில் வந்ததும் அமுக்கிப் பாருங்கள். அமுக்கிய இடம் மெதுவாக எழும்பி வந்தால், பிட்டால் உள்ளே இழை இழையாகப் பிரிந்தால், டீ மாஸ்டரிடம் கேளுங்கள்: "அண்ணே, பன் எங்கிருந்து வருது?" ஒரு டீக்கடைக்காரருக்கு இதில் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அவர் சொல்லும் பெயர் உங்களுக்கு எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. பெரும்பாலும் ஏதாவது ஒரு சந்துக்குள், வாசலில் கண்ணாடிப் பெட்டிகூட இல்லாமல், டீக்கடைகளுக்கும் பெட்டிக்கடைகளுக்கும் மட்டும் சரக்குப் போடும் இடமாக இருக்கும். கொஞ்சம் காத்திருந்தால், தகரப் பெட்டி கட்டிய டி.வி.எஸ். வண்டியோ சைக்கிளோ வந்து ரொட்டியை இறக்கிவிட்டுப் போவதைப் பார்க்கலாம். அந்த வண்டிக்காரரிடமும் இடத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சொல் வழக்கு. தென்மாவட்டத்தில் பழைய ஆட்கள் பிரெட்டை ரொட்டி என்றுதான் சொல்வார்கள். 'ரொட்டி போடுற இடம் எங்க இருக்கு?' என்று கேட்டால் பேக்கரிக்கு வழி சொல்வார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாராவது 'நைட் கிளப்' என்று கைகாட்டினால் மிரள வேண்டாம், இந்த ஊரில் அது பரோட்டாக்கடை.

டீக்கடையிலிருந்து கிரேட் காட்டன் சாலையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து, கடற்கரைச் சாலையில் பனிமய மாதா கோயில் வரைக்கும் போய்வாருங்கள். 1713இல் கட்டிய கோயில். அதையும் பார்த்த மாதிரி இருக்கும். நடக்கும்போது மூக்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். விறகுப் புகையும் வெண்ணெய் வாசமும் சேர்ந்து வரும் சந்தில் நின்று உள்ளே பாருங்கள். சுவரோரம் விறகு அடுக்கியிருந்தால் அந்த வீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

'இங்க எந்தக் கடை ஃபேமஸ்?' என்று கேட்டால் எல்லோரும் ஒரே இரண்டு பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் பதிலில் தவறில்லை, ஆனால் அது விருந்தாளிக்குச் சொல்லும் பதில். கேள்வியை மாற்றுங்கள். "உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்க வாங்குவீங்க?" "கல்யாணத்துக்கு மக்ரூன் யாருகிட்ட சொல்லுவீங்க?" "வெளிநாட்டுல இருக்கிற மகனுக்கு அனுப்பணும்னா எங்க வாங்கி அனுப்புவீங்க?" கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பத்து நாள் பயணத்துக்குத் தாங்கும் சரக்கை எங்கே வாங்குவது என்று ஒரு தாய் யோசித்து வைத்திருப்பாள். அவளுக்குத் தெரியாத பேக்கரி அந்த ஊரில் இருக்காது.

ஆட்டோக்காரரிடம் கேட்கலாம், ஆனால் சவாரி பேசி முடித்து இறங்கும்போது கேளுங்கள். ஏறும்போது கேட்டால் தூரத்துக் கடைக்குப் போகலாமே என்று தோன்றுவது இயல்பு. தங்கும் விடுதி வரவேற்பாளரை விட அங்கே அறை சுத்தம் செய்யும் அக்காவிடம் கேட்பது மேல். மருந்துக்கடைக்காரர், தையல்காரர், கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்பவர், இவர்களெல்லாம் ஒரே இடத்தில் பல வருடம் இருப்பவர்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னால் நேராக அங்கே போங்கள்.

கடைக்குள் போனதும் 'சார்' வேண்டாம், 'பாஸ்' வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் கடைக்காரர் அண்ணாச்சிதான். "அண்ணாச்சி, மக்ரூன் எப்ப போட்டது?" என்று கேளுங்கள். நல்ல கடையில் பதில் ஒரு நொடியில் வரும்: "நேத்து ராத்திரி போட்டது, காலைல எடுத்தது." சில நேரம், "இது முந்தாநாள் போட்டது. ஊருக்குக் கொண்டு போறதுன்னா சாயங்காலம் வாங்க, புதுசு தாரேன்" என்பார்கள். அந்தப் பதிலைச் சொல்லும் கடையை விடாதீர்கள். 'எல்லாம் ஃபிரெஷ்தான்' என்ற பதில் மட்டும் வந்தால் ஒரு டீ பன் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்லி வந்துவிடுங்கள்.

மக்ரூனை எப்படிப் பார்த்து வாங்குவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதில் ஏமாந்தவர்கள்தான் 'அப்படியொன்றும் பெரிதாக இல்லையே' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

ஒரு சின்ன பேக்கரியின் பின்கட்டில் மாஸ்டர் மக்ரூன் போடுவதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். பெரிய பாத்திரத்தில் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் நுரைத்து வெள்ளை வெளேரென்று நின்றன. கரண்டியைத் தூக்கினால் நுரை கூடவே எழுந்து, நுனி வளையாமல் நின்றது. அதற்குப் பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டார். அரைத்த முந்திரியைக் கையால் தூவி, அடியிலிருந்து மேலாக, அவசரமே இல்லாமல் புரட்டினார். "இதைப் போட்டு அடிச்சா அம்புட்டும் அமுங்கிப் போவும்" என்றார். பிறகு கூம்பாகச் சுருட்டிய தாளில் நிரப்பி, தாள் விரித்த தட்டில் ஒரு அமுக்கு, ஒரு இழுப்பு. ஒவ்வொன்றும் சின்னக் கோபுரமாக நுனி கூராக நின்றது. வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில். ரொட்டியெல்லாம் எடுத்து முடித்த பிறகு விறகு அடுப்பில் மிச்சமிருக்கும் இளஞ்சூட்டில் தட்டுகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். அந்தச் சூட்டில் அது வேகிறது என்பதைவிடக் காய்கிறது என்பதுதான் சரி. சூடு கூடினால் நிறம் மாறிவிடும், குறைந்தால் உள்ளே ஈரம் நின்றுவிடும். மாஸ்டர் கதவில் கையை வைத்து மட்டும் பார்த்தார்.

இதைப் புரிந்துகொண்டால் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பது தானே தெரியும். முதலில் நிறம். தந்த வெள்ளை, அல்லது லேசான பால் ஏடு நிறம். பழுப்பு ஏறியிருந்தால் சூடு தப்பியிருக்கிறது. அடுத்தது எடை. கால் கிலோ சொன்னால் டப்பா நிறைய வேண்டும். கையில் எடுத்தால் காற்றைத் தூக்குகிற மாதிரி இருக்க வேண்டும். கனமாக இருந்தால் ஈரமோ மைதாவோ இருக்கிறது. மூன்றாவது, விரலில் ஒட்டக்கூடாது. நுனியைக் கிள்ளினால் சன்னமாகச் 'சடக்' என்று உடைய வேண்டும். வாயில் போட்டதும் மேல் ஓடு நொறுங்கி, நடுவில் ஒரு துளி மட்டும் மெல்லுகிற பதம் இருந்து, முந்திரியின் நெய்த்தன்மை நாக்கில் தங்க வேண்டும். முட்டை வாடை வரவே கூடாது. சர்க்கரை மட்டும் கரைந்து போய், பின்னால் ஒன்றும் இல்லையென்றால் முந்திரியில் கை வைத்திருக்கிறார்கள்.

பக்கத்துக் கடையை விட விலை ரொம்பக் குறைவாக இருந்தாலும் அதேதான். மக்ரூனின் விலை முந்திரியின் விலையோடு ஏறி இறங்குவது. அதில் மாயம் செய்ய இடம் குறைவு.

கணேஷ் பேக்கரி, தனலட்சுமி பேக்கரி போன்ற பெயர்கள் மக்ரூனுக்கு ஊருக்கு வெளியேயும் தெரிந்தவை. அவற்றைத் தவிர்க்க வேண்டியதில்லை. முதல் நாள் அப்படிப்பட்ட ஒரு கடையில் நூறு கிராம் வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். அது உங்கள் நாக்குக்கு அளவுகோல். அப்புறம் டீக்கடையிலும் தெருவிலும் கேட்டு வைத்த இரண்டு மூன்று சின்னக் கடைகளில் தலா நூறு கிராம். அன்று மாலையே எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தால், எங்கே மொத்தமாக வாங்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கடையே போடுகிறதா, வெளியே வாங்கி விற்கிறதா என்று தெரிய ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். "மக்ரூனுக்கு வெள்ளைக்கருதானே போவுது, மஞ்சக்கருவை என்ன செய்வீங்க?" சொந்தமாகப் போடுகிறவர் இதற்கு உடனே பதில் சொல்வார். கேக்குக்குப் போகும், பிஸ்கட்டுக்குப் போகும், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று ஏதாவது ஒன்று. சொல்லிவிட்டு அந்த பிஸ்கட்டையே எடுத்து நீட்டுவார். வாங்கி விற்கிறவர் யோசிப்பார். இந்தக் கேள்வியால்தான் நான் ஒரு கடையில் அன்று காலை எடுத்த வெண்ணெய் பிஸ்கட்டைச் சாப்பிட்டேன். மக்ரூனைவிட அதைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பேக்கரி அல்லாத கடைகள்

மஸ்கோத் அல்வாவின் ஊர் சாத்தான்குளம் பக்கத்து முதலூர். தேங்காய்ப் பாலில் கிண்டுவது, நெய் சேர்ப்பதில்லை. தேங்காய்ப் பாலிலிருந்தே எண்ணெய் பிரிந்து பளபளப்புக் கொடுக்கும். தூத்துக்குடியிலும் திருச்செந்தூர்ப் பாதையிலும் பல கடைகளில் 'முதலூர்' என்று எழுதி விற்கிறார்கள். நேரம் இருந்தால் முதலூருக்கே போய் வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல அல்வா பல்லில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும், தேங்காய் வாசம் பழைய எண்ணெய் மாதிரி அடிக்காது. திருநெல்வேலி அல்வாவோடு ஒப்பிட வேண்டாம். அது கோதுமைப் பாலும் நெய்யும். இரண்டும் வேறு வேறு பண்டம்.

கருப்பட்டிக் கடையில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரைப் போட்டுக்கொண்ட பொட்டலங்களும் கூடிவிட்டன. செம்மணல் தேரியில் நிற்கும் பனையிலிருந்து பதநீர் இறக்கி, பெரிய வட்டையில் காய்ச்சி, பாகைச் சிரட்டையில் ஊற்றி எடுப்பது கருப்பட்டி. அதனால்தான் அந்தக் கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவம். பங்குனியிலிருந்து ஆனி வரை பதநீர்க் காலம். அப்போது போனால் புதுக் கருப்பட்டி. வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைத்த இடத்தில் கண்ணாடித் துகள் போல மின்னினால் சீனி கலந்திருக்கிறது. நல்லது மங்கலாக இருக்கும், நாக்கில் வைத்தால் இனிப்புக்கு அடியில் ஒரு உப்புக் கரிப்பு தட்டும். உடைக்க மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை. கூடவே சுக்குக் கருப்பட்டியும் கேளுங்கள். ஓலைப்பெட்டியில் வைத்துத் தந்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள், பாலித்தீன் பையை விட அதில் நன்றாக இருக்கும்.

மாசி வேண்டுமென்றால் கருவாட்டுக் கடைக்குப் போக வேண்டும். சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகும் வரை காயவைத்தது. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் மரக்கட்டை தட்டுகிற சத்தம் வர வேண்டும். இலங்கைச் சம்பல் செய்கிறவர்கள் வீட்டில் இது இல்லாமல் நடக்காது. வாங்கினால் தனிப் பையில் இறுக்கிக் கட்டுங்கள். மக்ரூன் இருக்கும் பையில் வைத்துவிட்டால் இரண்டும் வீண்.

பலகையே இல்லாத இடங்கள்

சில பண்டங்களுக்குக் கடையே கிடையாது. திருச்செந்தூர் சாலையில் இருக்கும் காயல்பட்டினத்தில் தம்மடை என்று ஒன்று செய்கிறார்கள். ரவை, முட்டை, சர்க்கரை, நெய் சேர்த்து, கீழும் மேலும் தணல் வைத்து எடுக்கும் பணியாரம். கேக் என்று சொன்னால் பாதிதான் சரி. மணல் மணலாக உதிரும், நெய் கையில் ஒட்டும். பெரும்பாலும் வீடுகளில் பெண்கள் செய்வது. அதுபோல முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி, உள்ளே வறுத்துப் பொடித்த பாசிப்பயறும் கருப்பட்டிப் பாகும் தேங்காயும். உருட்டி, மாவில் தோய்த்து, எண்ணெயில் பொரிப்பது. கிறிஸ்துமஸ், தீபாவளி நேரத்தில் இதை ஆர்டர் எடுத்துச் செய்து தரும் வீடுகள் தென்மாவட்டம் முழுக்க உண்டு.

இவற்றை வாங்குவதற்கு முறை வேறு. அந்தத் தெருவில் உள்ள மளிகைக்கடையில் போய், "இங்க யாராச்சும் ஆர்டர் எடுத்துச் செஞ்சு தருவாங்களா?" என்று கேளுங்கள். மளிகைக்காரருக்கு யார் வீட்டில் எத்தனை கிலோ ரவை போகிறது என்று தெரியும். அவரையே போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். அறிமுகம் இல்லாமல் கதவைத் தட்ட வேண்டாம். ஒரு நாள் முன்னாலாவது சொல்லுங்கள், பணத்தில் பாதியை முன்பணமாகக் கொடுங்கள். அடுக்களைக்குள் எட்டிப் பார்ப்பது, கேட்காமல் படம் எடுப்பது, சொல்லிவிட்டு வாங்க வராமல் போவது, இந்த மூன்றையும் செய்யாதீர்கள். அடுத்து வருகிறவருக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். வீட்டில் விலை பேரம் பேசுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நேரமும் காலமும்

ரொட்டியும் பன்னும் காலையில், மறுபடி சாயங்காலம். மத்தியானம் சின்னக் கடைகள் கதவைச் சாத்தியிருக்கும், அதைப் பார்த்துக் கடை மூடிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் கூட்டத்தோடு போனால் எந்தக் கடையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

பனிமய மாதா திருவிழா ஜூலை 26 கொடியேற்றத்தில் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை நடக்கும். ஊரே வெளிச்சமாக இருக்கும், பேக்கரிகளில் சரக்கு வந்த வேகத்தில் தீரும். பழைய சரக்கு தேங்காத காலம் அது. ஆனால் மாஸ்டரிடம் நின்று பேச முடியாது. பேச வேண்டும் என்றால் செப்டம்பர், அல்லது பிப்ரவரி. டிசம்பரில் பிளம் கேக்குக்காகப் போகலாம், முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தக் கரைக்கு மழைக்காலம். கடல்காற்றில் ஈரம் ஏறியிருக்கும். மக்ரூனுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. அந்த மாதங்களில் திறந்த தட்டிலிருந்து அள்ளிக் கொடுப்பதை வாங்காதீர்கள். மூடி போட்ட தகர டின்னிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

அடைத்து விற்கும் டப்பாவாக இருந்தால் தயாரித்த தேதியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். தேதி இடத்தில் வெறும் கட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சில்லறையாக வாங்கினால் கடைக்காரரின் வாய்ச்சொல்தான் தேதி.

ஊருக்குக் கொண்டுபோவது

மக்ரூனைக் கடைசியில் வாங்குங்கள், ரயில் ஏறும் அன்று மாலை. "அண்ணாச்சி, சென்னைக்குக் கொண்டு போறேன்" என்று சொன்னால் நல்ல கடையில் டப்பாவுக்குள் தாள் விரித்து, இடைவெளி இல்லாமல் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டித் தருவார்கள். வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டுபோவது இன்னும் நல்லது. சூட்டோடு அடைக்கக் கூடாது, வேர்த்துவிடும். தட்டிலிருந்து அப்போதுதான் எடுத்தது என்றால் ஆறும்வரை அங்கேயே நின்று இன்னொரு டீ குடிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். இறுக்கமான டப்பாவில் வெளியே வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் வேண்டியதை எடுத்துவிட்டு உடனே மூடிவிட வேண்டும்.

திரும்பும் வழியில் முத்துநகர் கோவில்பட்டியில் நிற்கும். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக ரயில் நிற்கும் சில நிமிடத்தில் ஜன்னல் வழியாகக் கை நீட்டி வாங்க வேண்டாம். அதற்கு ஒரு நாள் தனியாக இறங்கி, வெல்லப்பாகு காய்ச்சும் பட்டறை எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒரு டீக்கடையில் கேளுங்கள்.

ரயிலில் மக்ரூன் டப்பாவை இருக்கைக்கு அடியில் தள்ளாதீர்கள். பெட்டிகள் நசுக்கிவிடும். மேல் படுக்கையில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குங்கள். கருப்பட்டி கீழே இருக்கலாம், அதற்கு ஒன்றும் ஆகாது.